உம்மாவும் லொறி டியூப்பும் மட்டக்களப்பு வாவியும்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், பள்ளிக்கூட விடுமுறையில், நாங்கள் மட்டக்களப்புக்குச் சும்மா போனோம். 'சும்மா' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்பு கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் சும்மா போன ஒருவரையும் எனக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள், அரசாங்க அலுவல் பார்க்கக் கச்சேரிக்குப் போவார்கள், போகும்போதே திரும்பும் நேரத்தை நினைத்துக்கொண்டு போவார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, நடந்துபோய் மறுபடி பஸ் ஏறுவார்கள். தமிழ் ஊர்களைத் தாண்டும்போது முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்களைத் தாண்டும்போது அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த நாற்பது கிலோமீட்டர் வீதியில் ஒழுங்காக மூச்சு விட்டவர் யாருமில்லை.

பயணத்துக்குக் காரணம் நான்தான். ஒன்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு வாவியைப் படிப்பித்து வந்தேன். கரும்பலகையில் வாவியைக் கீறுவேன். நடுவில் புளியந்தீவு, அதில் ஒல்லாந்தர் கோட்டை, பக்கத்தில் கல்லடிப் பாலம், பாலத்துக்குக் கீழே பாடும் மீன். மீன் வாயைத் திறந்து பாடுவதுபோலக் கீறப் பார்ப்பேன், அது கொட்டாவி விடுவதுபோல வரும். ஒருநாள் முன்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது:

"டீச்சர், அந்த மீன் பாடுறத நீங்க கேட்டிரிக்கீங்களா?"

"பாடத்தைப் பாருங்க," என்றேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம், வருகிற விடுமுறைக்கு வாவியைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு இரும்புச் சாமான் கடை. நண்பரிடம் வேன் ஒன்றை இரவல் கேட்டுத் தானே ஓட்டி வருவதாக ஒப்புக்கொண்டார்.

விஷயம் எப்படியோ சாச்சாவின் காதுக்குப் போய்விட்டது. சாச்சா என் வாப்பாவின் தம்பி. வாலிபத்தில் மட்டக்களப்புக் கச்சேரியில் லிகிதராக இருந்தவர். எவ்வளவு காலம் இருந்தார் என்பது யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாச்சாவிடம் கேட்டால், "என்ட இளமையெல்லாம் அந்த வாவிக் கரையிலதான் போன," என்பார். சாச்சியிடம் கேட்டால், "பதினாலு மாசம். அதில நாலு மாசம் அம்மை போட்டு வீட்டில கெடந்த," என்பார். மறுநாள் விடியலிலேயே சாச்சா எங்கள் வாசலில் நின்றார்.

"வழிகாட்டி இல்லாமப் போனா நீங்க தண்ணியப் பாத்துட்டு வருவீங்க. நான் வந்தா வாவியப் பாப்பீங்க," என்றார்.

கேட்க நன்றாக இருந்ததால் சரி என்றோம். அதற்குள் இருந்த ஆபத்து பிறகுதான் விளங்கியது.

மிச்சம் இருந்தவர் உம்மா. அவரை வரச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"வாவி வாவி எண்டு சொல்றீங்களே, நம்மட கிட்டங்கித் தண்ணிதானே அங்க போய்க் கெடக்கு?" என்றார் உம்மா. "கிட்டங்கியில போய் நிண்டாப் பாக்கலாம். எண்ணெய் அடிச்சி, வேன் புடிச்சி, இருவத்தஞ்சி மைல் போய் அதே தண்ணியப் பாக்கணுமா?"

சமூகக்கல்வி ஆசிரியையான நான் மனதுக்குள் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் வழியில் கிட்டங்கியில் நாங்கள் கடக்கும் தண்ணீர், அந்த வாவியின் தெற்கு வால்தான். உம்மா சொன்னது புவியியல்படி முழுவதும் சரி.

ஆனால் உம்மா வர மறுத்ததற்குக் காரணம் புவியியல் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சுனாமி வந்த காலையில் நானும் கணவரும் சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தோம். கடற்கரை வீட்டில் உம்மாவும், அப்போது இரண்டு வயதான என் மகளும் இருந்தார்கள். தண்ணீர் வந்ததும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உம்மா ஏறியது வளவில் நின்ற முருங்கை மரத்தில். முருங்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காகம் பலமாக உட்கார்ந்தாலே கொப்பு முறியும். அன்று முறியவில்லை. தண்ணீர் வருமுன்பு, வேலிக்கு இந்தப் பக்கம் உம்மா தேங்காய் துருவிக்கொண்டும், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ராத்தா மீன் வெட்டிக்கொண்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ராத்தாவை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை.

வீடு போய், நாங்கள் வயல் பக்கம் குடிவந்தோம். உம்மா கடலைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தினார். கடற்கரை வீதியால் போக வேண்டிய கல்யாணங்களுக்குப் போகவில்லை. ஒருநாள் என் கணவரிடம், "மருமகன், ஒரு லொறி டியூப் எடுத்துத் தாங்க," என்றார். எதற்கு என்று கேட்டபோது, "முருங்க எல்லா நாளும் தாங்காது," என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அந்த டியூப் நான்கு ஒட்டுப் போட்டது. உம்மாவின் அறையில் அலுமாரிக்குப் பின்னால் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை, மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல, உம்மா அதை அமுக்கிப் பார்ப்பார். காற்றுக் குறைந்திருந்தால் கணவர் கடைக்குக் கொண்டுபோய் அடித்துக்கொண்டு வருவார். ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாக நடந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாதபடி எங்களுக்கு அது பழகியிருந்தது.

"டியூப் வந்தா நானும் வாறன்," என்றார் உம்மா கடைசியில்.

"மாமி, அது லொறி டியூப். வேனுக்குள்ள போகாது," என்றார் கணவர்.

"அப்ப நானும் போகமாட்டன்."

டியூப் வேனின் கூரையில் கட்டப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். கணவர் ஓட்ட, முன்னால் சாச்சா. பின்னால் நான், சாச்சி, உம்மா, ஏழு வயதாகியிருந்த மகள், ஒரு புரியாணிச் சட்டி. தமிழ் ஊரான களுவாஞ்சிக்குடி தாண்டியும் யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். வழியில் எஞ்சியிருந்த ஒரேயொரு சாவடியில் இளம் சிப்பாய் ஒருவர் வேனை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்.

"ஏக மொகத?" என்றார் சிங்களத்தில். பிறகு தமிழில், "அது என்ன?"

"மாமிட," என்றார் கணவர்.

"மாமிக்கு ஏன்?"

கணவர் சொற்களைத் தேடினார். கிடைக்காமல், "சுனாமி," என்று மட்டும் சொன்னார். சிப்பாய் குனிந்து வேனுக்குள் உம்மாவைப் பார்த்தார். "ஹரி, ஹரி. சரி, போங்க," என்று கையைக் காட்டினார். சோதனைச் சாவடிகளில் எனக்கு நடந்த எல்லாக் கதைகளிலும் இதுதான் சின்னது.

பட்டணத்துக்குள் வந்ததும் சாச்சாவின் குரல் மாறியது. ஊரில் கதைப்பதுபோல இல்லாமல் வானொலிச் செய்தி வாசிப்பதுபோலக் கதைக்கத் தொடங்கினார். சுட்டிக்காட்டுவதற்கென்றே கையில் ஒரு சின்னப் பிரம்பும் கொண்டுவந்திருந்தார்.

வாவிக் கரையில் மெசின் பூட்டிய தோணி ஒன்று கிடைத்தது. தோணிக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர், நெற்றியில் திருநீறு, அதிகம் கதைக்காதவர். கணவர் கூரையிலிருந்து டியூப்பை இறக்கினார். உம்மா இரண்டு கைகளையும் உயர்த்தினார். அபாயாவுக்கு மேலால் டியூப் இறங்கி இடுப்பில் நின்றது. உரலுக்குள் நிறுத்திய உலக்கைபோல உம்மா நின்றார். கரையில் போன இரண்டு சைக்கிள்கள் மெதுவாகின.

தோணிக்காரர் உம்மாவையும் டியூப்பையும் பார்த்தார். நடுப் பலகையில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்து அப்பால் வைத்தார்.

"அம்மா, நீங்க நடுவில இருங்க. அதுதான் அகலம்," என்றார். பிறகு, "சுனாமிக்கு எங்க இருந்தீங்க?"

"கல்முனக்குடி. கடக்கர."

"ம். எங்கட அக்கா அதுக்குப் பிறகு கடல் மீன் சாப்பிடுறல்ல. வாவி மீன்தான்."

உம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏறி, நடுவில், இரண்டு பேருடைய இடத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். சாச்சி முன்பக்கம் மூலைக்குப் போக வேண்டி வந்தது.

தோணி நகர்ந்ததும் சாச்சா எழுந்து நின்றார்.

"இந்தா தெரியிறது புளியந்தீவு. அந்தா ஒல்லாந்தர் கட்டின கோட்டை."

"முதல்ல கட்டின போர்த்துக்கீசர், காக்கா," என்று எங்கள் முறையில் அண்ணனாக அழைத்துச் சொன்னார் தோணிக்காரர் பின்னாலிருந்து.

"அது போர்த்துக்கீசர் கட்டின கோட்டை. நான் சொல்றது அதையே ஒல்லாந்தர் கட்டின கோட்டை," என்றார் சாச்சா. அவருக்கு இப்படிப்பட்ட இடங்களில் தடுக்கிவிழும் வழக்கம் இல்லை. "இப்ப நாம போற இடத்துட ஆழம் தெரியுமா? ஒரு தென்னமரத்த நட்டா ஓலை வெளிய தெரியாது. நான் கச்சேரியில இருக்கக்குள்ள விடியச் சாமம் கோட்டை மதில்ல இருந்து குதிச்சி, கல்லடிப் பாலம் மட்டும் நீந்திப் போய் வருவன்."

"குளிக்க இவருக்கு நான் வாளியில அள்ளிக் குடுக்கணும்," என்றார் சாச்சி மூலையிலிருந்து, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல்.

நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கரும்பலகையில் அது ஒரு கோடு. இங்கே அது அகன்று, மினுங்கி, எதற்கும் அவசரப்படாமல் கிடந்தது. கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கோட்டை நான் கீறியதைவிட உயரம் குறைவாகவும் தடிப்பாகவும் இருந்தது. ஒன்பது வருடமாக அதற்குக் கூரான கோபுரம் வைத்துக் கீறியிருந்தேன். கோபுரமே இல்லை. எத்தனை பிள்ளைகள் அந்தக் கோபுரத்துக்குப் புள்ளி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் கூசினேன்.

கல்லடிப் பாலம் தூரத்தில் தெரியத் தொடங்கியதும் சாச்சா மெசினை நிறுத்தச் சொன்னார். மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமாம்.

"காக்கா, அது நிலாக் காலத்தில, ராவையில கேக்கிறது," என்றார் தோணிக்காரர்.

"எனக்குப் பகல்லயும் கேட்டிரிக்கி. காது பழகணும்."

தோணிக்காரர் மெசினை நிறுத்தினார். சாச்சா குந்தியிருந்து, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்தார். கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் அசையாமல் இருந்தோம். தண்ணீர் தோணியில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மெல்லியதாக, நூல் இழுப்பதுபோல ஒரு சத்தம். 'கீ...' என்று நீளமாக.

சாச்சா கண்ணைத் திறந்தார். அந்தக் கண்களில் நான் அதற்கு முன்பு கண்டிராத ஒரு பரவசம்.

"கேட்டயா?" என்றார் சாச்சியிடம்.

சாச்சி வாயைத் திறந்தபடி தலையாட்டினார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர் சாச்சா சொன்னதை உடனே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"எனக்கும் கேக்குது," என்றார் கணவர்.

எனக்கும் கேட்டது. மீனைக் கேட்காமலே படிப்பித்த ஒன்பது வருடத்துப் பொய் அந்தக் கணத்தில் தீர்ந்ததாக நினைத்தேன். தோணிக்காரர் எழுந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா இதில ஓடுறன். பகல்ல ஒருநாளும் கேக்கல்ல," என்றார் தாழ்ந்த குரலில்.

"காது பழகணும் எண்டு சொன்னன்தானே, தம்பி," என்றார் சாச்சா. கண் கலங்கியிருந்தது. "இது ஆண் மீன். ஒத்தக் குரல்ல இழுக்கும். பொண் மீன் எண்டா விட்டு விட்டுப் பாடும்."

மகள் மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்துச் சரித்து, பூனைபோலக் காதைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல எழுந்து, நடுப் பலகைக்கு வந்து, உம்மாவின் இடுப்பில் காதை வைத்தாள்.

"உம்மம்மாக்குள்ளதான் மீன் பாடுது," என்றாள்.

எல்லோரும் திரும்பினோம். நடுப் பலகையின் ஓரத்தில் ஒரு ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. உம்மா தன் முழுப் பாரத்தோடும் டியூப்பை அதன்மேல் வைத்து அமர்ந்திருந்தார். டியூப் ஏற்கெனவே பாதியாக இளைத்துப்போய், உம்மாவின் இடுப்பில் தோசைமாவுபோலத் தொங்கியது.

சாச்சா துடுப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அங்கே சிரிப்பு இல்லை. ஒரு விரலால் ஓட்டையை அழுத்திக்கொண்டு, "கரைக்குப் போவம் மகன்," என்றார் தோணிக்காரரிடம். நான் அருகே போய்க் கையைப் பிடித்தேன். விரல் குளிர்ந்திருந்தது. இந்தப் பயணத்துக்கு அவரை இழுத்து வந்தது நான்தான்.

"இந்தா அம்மா, உடன போவம்," என்று தோணிக்காரர் மெசினை இழுத்தார். அது இரண்டு முறை உறுமி, ஒருமுறை தும்மி, நின்றுவிட்டது. பின்னால் குனிந்து பார்த்தவர், "வலைத்துண்டு சுத்திற்று," என்றார். யாரோ அறுத்தெறிந்த நைலோன் வலை விசிறியில் இறுகச் சுற்றியிருந்தது. கத்தியை எடுத்து அறுக்கத் தொடங்கினார். தோணி காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி, கோட்டைப் பக்கமாகத் தானே போகத் தொடங்கியது.

அப்போதுதான் சாச்சா எழுந்தார். கரை எங்கே இருக்கிறது என்று நாலு பக்கமும் பார்த்தார். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"மதினி, அந்த டியூப்ப இஞ்ச தாங்க," என்றார்.

"என்னத்துக்கு?"

"பொம்புளைகளக் காப்பாத்த ஒரு ஆம்புளையாவது உசிரோட இருக்கணும்தானே."

"நீந்துற எண்டீங்க?" என்றார் கணவர்.

"அது காலையில. வெறும் வயித்தில."

உம்மா சாச்சாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைகளைத் தூக்கி, டியூப்பைத் தலைக்கு மேலால் கழற்றி அவரிடம் கொடுத்தார். மிச்சக் காற்றும் 'புஸ்' என்று போனது. சாச்சா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். காற்றில்லாத கறுப்பு டியூப் மாலைபோல முழங்கால் வரை தொங்க, ஒரு வயதான மாப்பிள்ளைபோல அமர்ந்து, "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று சொல்லத் தொடங்கினார்.

சாச்சா பயந்ததைப் பார்த்ததில்தான் உம்மாவுக்கு என்னவோ ஆனது என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காய்ச்சலில் படுக்க முடியாது என்பார்களே, அப்படி. உம்மா அபாயாவின் கையை மடித்துவிட்டார். தோணியின் ஓரத்தில் நீளமாகக் கிடந்த கம்பைப் பார்த்தார். தரையில் ஊன்றித் தோணியைத் தள்ளுவதை எங்கள் பக்கம் தாங்குவது என்பார்கள்.

"மகன், இது தாங்குற கம்புதானே?"

தோணிக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "ஓம் அம்மா," என்றார்.

உம்மா எழுந்து நின்றார். நான் "உம்மா!" என்று கத்தினேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கால்களை அகட்டி வைத்து, கம்பைத் தூக்கித் தண்ணீருக்குள் குத்தினார். கம்பில் கால்வாசிகூட இறங்கவில்லை. தரையில் முட்டி நின்றது.

உம்மா கம்பை வெளியே எடுத்து, ஈரம் ஏறியிருந்த அளவைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் சாச்சாவிடம், "இடுப்பளவுதான் இரிக்கி. தென்னங்கண்டு நட்டாலே ஓலை வெளிய தெரியும்."

தோணிக்காரரின் முதுகு குலுங்குவது தெரிந்தது. அவர் இதை முதலிலிருந்தே அறிந்திருக்கிறார். விருந்தாளியைத் திருத்த வேண்டாம் என்று இருந்திருக்கிறார்.

உம்மா கம்பை ஊன்றித் தள்ளினார். தோணி அசைந்தது. மறுபக்கம் ஊன்றித் தள்ளினார். தோணி நேராகியது. நான் என் சொந்த உம்மாவை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உலைப் பானைக்கு முன்னால், தையல் மெசினுக்கு முன்னால், தொழுகைப் பாயில் எல்லாம் அவரைப் பார்த்திருக்கிறேன். தோணியில் நின்று பார்த்ததில்லை.

"எங்க படிச்ச உம்மா இது?"

"கிட்டங்கியில," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நாவிதன்வெளி வயலுக்கு என்ட வாப்பாக்குச் சோறு கொண்டு போறது ஆரு? தண்ணி பெருகினா தோணிதானே. ஒம்பது வயசில தாங்கின. நான்தான் முதல்லயே சொன்னனே, இது நம்மட தண்ணி எண்டு."

தோணி நேரே போய்க் கோட்டையின் பின்மதிலடியில் புல் வளர்ந்த கரையில் முட்டியது. மேலே மதிலில் காவலாளி ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்போடு ஒரு மூதாட்டி, கழுத்தில் டியூப்போடு ஒரு பெரியவர், மடியில் புரியாணிச் சட்டியோடு நான். வேனில் வைத்தால் ஆறிவிடும் என்று அதையும் ஏற்றியிருந்தேன். அந்தக் கோட்டையைப் பிடிக்க இதற்கு முன் பல நாட்டவர் வந்திருக்கிறார்கள். இப்படி யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

"எங்க வாறீங்க?" என்றார் காவலாளி.

கச்சேரி அந்தக் கோட்டைக்குள்தான் நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் சாச்சாவுக்கு உயிர் திரும்பியது. எழுந்து நின்று டியூப்பைச் சால்வைபோலத் தோளில் சரிசெய்தார்.

"தம்பி, நான் இந்தக் கச்சேரியில கிளாக்கரா இருந்தவன்!"

"அப்ப முன்வாசலால வாங்க ஐயா," என்றார் காவலாளி. "இந்தப் பக்கம் அலுவல் பாக்கிறல்ல."

சாச்சி சிரிக்கத் தொடங்கினார். முக்காட்டால் வாயைப் பொத்தினார், அது போதவில்லை. பிறகு கணவர், பிறகு நான், பிறகு மேலே நின்ற காவலாளி. தோணிக்காரர் அறுத்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு தோணியின் அடியில் அமர்ந்துவிட்டார். உம்மாவும் சிரித்தார். தண்ணீரின் மேல் இருந்து உம்மா சிரிப்பதை நான் பார்த்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் உணர்ந்தேன். கடைசியாகச் சாச்சாவும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. பதினாலு மாதத்தை முப்பது வருடமாக இழுத்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மெசின் சரியானதும் தோணிக்காரர், "இனிக் கரைக்கா அம்மா?" என்று கேட்டார். சாச்சாவிடம் கேட்கவில்லை.

"வேற என்ன இரிக்கி பாக்க?"

"கல்லடிப் பாலம். அதுக்குப் பிறகு முகத்துவாரத்தில வெளிச்சவீடு." கொஞ்சம் தயங்கி, "அதில வாவி போய்க் கடலில விழும்," என்றார்.

எல்லோரும் உம்மாவைப் பார்த்தோம். உம்மா கம்பைப் பத்திரமாகப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஆணி இல்லாத பக்கமாக அமர்ந்தார்.

"வெளிச்சவீட்டப் பாப்பம். கடல் அது பாட்டில கெடக்கட்டும்."

கல்லடிப் பாலத்தின் அடியால் போனோம். இரும்புச் சட்டங்களுக்கு மேலே பஸ் ஒன்று அதிர்ந்துகொண்டு போனது. எத்தனையோ முறை அந்தப் பஸ்ஸுக்குள் வெளியே பார்க்காமல் பயந்துகொண்டு இருந்தவள் நான். கீழேயிருந்து பார்க்க அது விளையாட்டுச் சாமான்போல இருந்தது. பாலத்தின் கீழ் சாச்சா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தோணிக்காரருக்கே பாவமாகி, "காக்கா, இந்தப் பாலத்தப் பத்திச் சொல்லுங்களன்," என்றார். "நீங்க சொல்லுங்க தம்பி, நான் கேக்கிறன்," என்றார் சாச்சா.

பிறகு திரும்பி வடக்கே வெகுதூரம் போனோம். கப்பல்களுக்கு விளக்குக் காட்டும் அந்த வெளிச்சவீடு வெள்ளையாக, உயரமாக, கண்டல் செடிகளுக்குப் பின்னால் நின்றது. கரையில் இறங்கி மரநிழலில் பாய் விரித்தோம். அலைச் சத்தம் கேட்டது. உம்மா பாயில் வெளிச்சவீட்டைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். அப்படியே இருந்த இருப்பில் நடுப்பகல் ளுஹர் தொழுகை நேரம் வரைக்கும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தார். அவ்வளவு கவனமாக ஒரு வெளிச்சவீட்டை யாரும் பார்த்திருக்க முடியாது.

"மகள்," என்றார் திரும்பாமல். "கடல் எப்பிடிக் கெடக்கு?"

நான் பார்த்தேன். "சும்மா கெடக்கு உம்மா. நீலமா இரிக்கி."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் சும்மாதான் கெடக்கா?"

"ஓம் உம்மா."

"சரி. சோத்தப் போடு."

தோணிக்காரரையும் சாப்பிட அழைத்தோம். அவர் கைகளைக் குவித்து, "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை அம்மா, மச்சம் மாமிசம் சாப்பிடுறல்ல," என்றார். உம்மாவுக்கு அது பெரிய அடி. விருந்தாளி பட்டினி இருக்க, தான் சாப்பிட முடியாது. சட்டிக்குள் எங்கே கரண்டியை விட்டாலும் இறைச்சி வந்தது. கடைசியில் வேறு பையில் இருந்த வாழைப்பழம், பால்ரொட்டி, மகளுக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பக்கெற் எல்லாவற்றையும் அவர் முன்னால் அடுக்கினார். மகள் பிஸ்கட் பக்கெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பிரித்துப் பாதியை அவளிடமே கொடுத்தார்.

"அம்மா தாங்கின தாங்கலப் பாத்தன்," என்றார் பழத்தை உரித்துக்கொண்டு. "இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு இது வராது. என்ட தோணிக்கு ஆள் தேவைப்பட்டா அம்மாக்குத்தான் சொல்லி அனுப்புவன்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். உம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"மாசத்தில ரெண்டு நாள் எண்டா வரலாம்," என்றார். "நோன்புக்குள்ள ஏலாது."